தேய்ந்த கிட்டாரை வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். பதினைந்து வருடமாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து சின்னச் சின்ன நிகழ்ச்சிகளும் செய்கிறோம். இதுவரை என்னிடம் இருந்தவை எல்லாம் புதிதாக வாங்கியவை. இப்போது தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை (சுருக்கமாக ஸ்ட்ராட்) விற்கிறார். 1974ஆம் வருடத்தது என்கிறார். பெரிய ஹெட்ஸ்டாக் (தலைப்பகுதி), மேப்பிள் ஃபிங்கர்போர்டு (விரல் பதியும் பலகை), நெக்கை (கழுத்தை) மூன்று திருகுகள் பிடித்திருக்கின்றன. வலது முழங்கை படும் இடத்தில் பூச்சு போய் மரம் தெரிகிறது. முதல் ஐந்து ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை ஃபிங்கர்போர்டு கறுத்திருக்கிறது, ஃப்ரெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது. ட்யூனர்கள் (சுருதி முறுக்கிகள்) மாற்றப்பட்டவை. நடு பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) சத்தம் வரவில்லை. வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறந்து காட்டினார். உள்ளே, நாபைத் திருப்பினால் இயங்கும் மின்பாகமான ‘பாட்’டின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 1377412 என்று அச்சிட்டிருந்தது. நெக்கைக் கழற்றிப் பார்க்க மட்டும் சம்மதிக்கவில்லை. கையில் எடுத்தால் இறக்கி வைக்க மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பணத்துக்கு நல்ல புதுக் கிட்டாரே வாங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது?

பதில்: இறக்கி வைக்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற மிக முக்கியமான தகவல் அதுதான். பதினைந்து வருடம் வாசித்த கை சும்மா அப்படிச் சொல்லாது. நெக்கின் தடிமன், விளிம்புகள் உருண்டிருக்கும் விதம், கிட்டார் உடம்போடு ஒட்டி உட்காரும் விதம் எல்லாம் கைக்குத் தெரியும். கைக்குத் தெரியாத சில விஷயங்களும் இருக்கின்றன, அவற்றைப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெக் சரியாக இருந்தால் வாங்குங்கள். ஆனால் குறையில்லாத 1974 ஸ்ட்ராட்டின் விலைக்கு வேண்டாம். வேலை பாக்கி இருக்கிற, வாசிப்பதற்கான பழைய கிட்டாரின் விலைக்கு வாங்குங்கள். நெக் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் பூச்சைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், அல்லது பூச்சைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் பூச்சு ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஃபெண்டர் கிட்டார்களுக்கு முதலில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அடித்தார்கள். அது மெல்லிய பூச்சு. வருடக்கணக்கில் வியர்வையும் கையும் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஓரங்கள் மெலிந்து மரத்தோடு கலந்துவிடும். அயர்லாந்தின் ரோரி கல்லகர் வாசித்த 1961 ஸ்ட்ராட்டின் படத்தைப் பார்த்தீர்களானால் இது புரியும். அதில் சன்பர்ஸ்ட் நிறம் அங்கங்கே தீவுகளாகத்தான் மிச்சம். 1968 வாக்கில் ஃபெண்டர் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறிவிட்டது. அது தடித்தது, கெட்டியானது, லேசில் தேயாது. அடிபட்டால் முட்டை ஓடு பெயர்வதுபோல் துண்டாகப் பெயரும், ஓரம் கூர்மையாக நிற்கும்.

ஆகவே 1974 கிட்டாரில் முழங்கை படும் இடத்தில் மரம் தெரிகிறது என்றால், அந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். படி மாதிரி தட்டுப்பட்டால் பூச்சு பெயர்ந்து போயிருக்கிறது, இயல்பானதுதான். ஓரம் வழுவழுவென்று சரிந்து இறங்கினால், யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கலாம், அல்லது பழைய பூச்சை எடுத்துவிட்டு லேக்கர் அடித்திருக்கலாம். பழைய தோற்றத்துக்காகவே தேய்ப்பது இப்போது ஒரு தனிக் கலை. 1995இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பே ‘ரெலிக்’ என்று புதுக் கிட்டாரைத் தேய்த்து விற்க ஆரம்பித்தது. தேய்த்ததாலோ மறுபூச்சாலோ உங்கள் கிட்டாரின் வாசிப்புக்குக் கெடுதல் இல்லை. விலை இறங்க வேண்டும், அவ்வளவுதான். மூலப் பூச்சு இல்லாத பழைய கிட்டாருக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், வியாபாரிகள் பாதி விலைதான் போடுவார்கள்.

ஃபிங்கர்போர்டு கறுப்புக்கும் இதே சோதனைதான். வாசித்து வந்த கறுப்பு, விரல் அழுந்தும் இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கும். கீழ் ஃப்ரெட்டுகளில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் காலத்து ஃபெண்டர்களில் ஹெட்ஸ்டாக்கின் முகம் மட்டும் நெக்கின் மற்ற பகுதியைவிட நன்றாக மஞ்சளித்திருக்கும். பெயர் ஒட்டியிருக்கிற அந்த முகத்துக்கு லேக்கரையே தொடர்ந்து அடித்தார்கள், பாலியெஸ்டர் மஞ்சளிப்பதில்லை. இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் மறுபடி பூச்சு அடித்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வருடம். பாட்டின் எண்ணை எழுதியது நல்லதாகப் போயிற்று. 137 என்பது பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி. அடுத்த 74 வருடம், கடைசி 12 வாரம். 1974 மார்ச் மாதம் செய்த பாட். அதற்கு முன்னால் இந்தக் கிட்டார் இந்த வடிவில் வெளியே வந்திருக்க முடியாது, பின்னால் வந்திருக்கலாம். ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்களை அடுத்த சில வருடங்கள் வரை பொருத்திக்கொண்டிருந்தது. அதனால் பாட் எண் என்பது கீழ் எல்லை மட்டுமே. அப்புறம், எந்த பாட்டையும் யாரும் மாற்றியிருக்கலாம். சால்டரிங் பளபளவென்று புதிதாக இருக்கிறதா, வயர்களைப் பிடித்துச் சுட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சீரியல் எண் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 1976 வரை அது நெக்கின் பின்னால் இருக்கும் உலோகத் தகட்டில் இருக்கும். அந்த வருடத்திலிருந்துதான் ஹெட்ஸ்டாக்குக்குப் போனது. ஹெட்ஸ்டாக்கில் எஸ்7, எஸ்8 என்று தொடங்கும் எண் இருந்தால் அந்த நெக் எழுபதுகளின் பின்பாதியைச் சேர்ந்தது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. ஸ்விட்சையும் பாருங்கள். ஐந்து நிலை ஸ்விட்ச் 1977 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் மூன்று நிலைதான். ஐந்து நிலை இருந்தால் பிறகு மாற்றியது. வாசிப்பவருக்கு அது வசதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். பிக்கப் மூடிகளும் நாப்களும் வெள்ளையா கறுப்பா? 1974 என்றால் வெள்ளை. கறுப்பு அதற்குப் பிந்தையது.

மூன்று திருகைப் பற்றிப் பலரும் பயமுறுத்தியிருப்பார்கள். ஃபெண்டரை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் வாங்கியது; 1971இன் இறுதியில் ஸ்ட்ராட்டின் நெக்கை நான்கு திருகிலிருந்து மூன்றாக்கினார்கள், ஹெட்ஸ்டாக்கில் தோட்டா வடிவ ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கம்பி) முனையையும், கழற்றாமலே நெக்கின் சாய்வை மாற்றும் வசதியையும் சேர்த்தார்கள். 1981 வரை அப்படித்தான். அந்த அமைப்பு கெட்ட பெயர் வாங்கியதற்கு, என் அனுபவத்தில், திருகு எண்ணிக்கை காரணம் இல்லை. நெக் உட்காரும் பள்ளத்தை அந்தக் காலத்தில் தளர்வாக வெட்டியதுதான் காரணம். நீங்களே சோதிக்கலாம்: கம்பிகள் சுருதியில் இருக்கும்போது ஒரு கையால் பாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹெட்ஸ்டாக்கை மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். நெக் அசைந்து, முதல் கம்பி ஃபிங்கர்போர்டின் ஓரத்தை விட்டு விழுகிற அளவுக்குப் போனால் வேலை இருக்கிறது. அசையாமல் நின்றால் மூன்று திருகைப் பற்றி மறந்துவிடுங்கள். பள்ளம் இறுக்கமாக உட்கார்ந்த மூன்று திருகு கிட்டார்கள் நிறைய என் மேசைக்கு வருகின்றன, எந்தத் தொந்தரவும் தருவதில்லை.

இப்போது முடிவைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வருகிறேன். இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பாடிப் பக்கத்திலிருந்து ஹெட்ஸ்டாக்கை நோக்கி இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் சரிசெய்யலாம். ஒன்று ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் போனால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை வாங்காதீர்கள். அடுத்து, ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. இடைவெளி நிறைய இருந்தால் ட்ரஸ் ராடைத் திருகிக் குறைக்க வேண்டும். அது ஏற்கெனவே கடைசி வரை திருகப்பட்டு, அப்படியும் நெக் வளைந்தே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கால் சுற்று திருப்பினால் அசைகிறது, நெக் பதில் சொல்கிறது என்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது உயிருள்ள நெக். அசையவே இல்லை என்றால் பலம் போட்டுத் திருகாதீர்கள், உள்ளே முறிந்தால் பெரிய செலவு. விற்பவர் கண் முன்னால், தெரிந்த ஒரு ரிப்பேர்காரர் கையால் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

கடைசி நான்கைந்து ஃப்ரெட் இருக்கும் பகுதி மேல்நோக்கிக் கிளம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். திருகு போட்டு மாட்டிய (போல்ட்-ஆன்) பழைய நெக்குகளுக்கு வரும் பொதுவான கோளாறு அது. ஃப்ரெட் போடும்போதே கொஞ்சம் சீவி எடுத்து சரிசெய்துவிடலாம். பயப்பட வேண்டாம், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரெட் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆழம் எவ்வளவு என்று எழுதவில்லை. புதிய ஃப்ரெட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். பள்ளத்தின் அடி வரை எல்லாவற்றையும் ராவி மட்டம் செய்தால் அரை மில்லிமீட்டருக்குமேல் மிஞ்சுமா? மிஞ்சினால் ராவி, மெருகேற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம். மிஞ்சாது என்றால் மாற்றத்தான் வேண்டும். மேப்பிள் ஃபிங்கர்போர்டில் ஃப்ரெட் மாற்றுவதற்கு ரோஸ்வுட்டைவிடக் கூலி அதிகம், ஏனென்றால் மேலே பூச்சு இருக்கிறது; ஃப்ரெட்டைப் பிடுங்கும்போது அது சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கிட்டாரில் கறுத்த பகுதியை ‘சுத்தம்’ செய்து புதிதாகப் பூச்சு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு அங்கேயே இருக்கட்டும், ஃப்ரெட்டை மட்டும் மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஃபெண்டரின் பழைய ஃபிங்கர்போர்டுகள் 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்தவை. மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை இழுத்து வாசித்தால் சத்தம் சில சமயம் அடங்கிப்போகும். நீங்கள் நிறைய இழுத்து வாசிப்பவர் என்றால் ஃப்ரெட் மாற்றும்போதே அதைச் சொல்லுங்கள். மேல் பகுதியை மட்டும் கொஞ்சம் தட்டையாக்கித் தருவார்கள்.

நடு பிக்கப் ஊமையாக இருப்பதைப் பார்த்துக் கலங்காதீர்கள். இதை வைத்துத்தான் நீங்கள் விலை பேச வேண்டும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அந்தப் பிக்கப்பின் இரண்டு வயர்களையும் தொட்டுப் பாருங்கள். 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டினால் பிக்கப் நலம். கோளாறு ஸ்விட்சிலோ சால்டரிங்கிலோ இருக்கிறது, சின்ன வேலை. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அந்தச் சுருள் கம்பி தலைமுடி அளவுதான் தடிமன், பெரும்பாலும் அடித்தட்டில் வயரோடு சேரும் இடத்தில்தான் அறும். அங்கே அறுந்திருந்தால் நல்ல கைவேலைக்காரர் ஒட்டிவிடுவார். உள்ளே அறுந்திருந்தால் பழைய காந்தங்களை வைத்துக்கொண்டே மறுபடி சுற்றலாம். எப்படியானாலும் பழைய பிக்கப்பைத் தூக்கிப் போடாதீர்கள். வால்யூம் கரகரப்புக்குக் கான்டாக்ட் க்ளீனர் அடித்துப் பல தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போதும். அதற்காகப் பாட்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வருடத்தைச் சொல்லும் சாட்சியே அதுதான்.

ட்யூனர் மாற்றியதில் ஒரே கேள்வி: புதிதாகத் துளை போட்டார்களா, பழைய துளையைப் பெரிதாக்கினார்களா? மூல ட்யூனர்கள் ஏதாவது டப்பாவில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பலர் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்கள். கேட்டால்தான் தேடி எடுத்துத் தருவார்கள்.

எடையைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. எழுபதுகளில் பல ஸ்ட்ராட்டுகளின் பாடி கனமான ஆஷ் மரத்தில் செய்தது. நான்கு கிலோவைத் தாண்டுபவை நிறைய. உட்கார்ந்து வாசித்துப் பார்த்தீர்களா, நின்றா? ஸ்ட்ராப் போட்டு அரை மணி நேரம் நின்றபடி வாசித்துவிட்டு, தோள் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நிகழ்ச்சி செய்கிறவருக்கு இது ஃப்ரெட்டைவிடப் பெரிய விஷயம். ஃப்ரெட்டை மாற்றிவிடலாம்.

நெக்கைக் கழற்ற விற்பவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. பழைய மரத்தில் திருகுத் துளைகள் பலமுறை கழற்றி மாட்டினால் இளகிப்போகும். ஆனால் தேதி முத்திரை இருந்தால் அது நெக்கின் அடியில்தான் இருக்கும், பள்ளத்தில்தான் மூல நிறம் தெரியும். ரிப்பேர்காரரை வைத்து ஒரே ஒரு முறை, அவர் முன்னிலையிலேயே கழற்றலாம் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் ‘1974, எல்லாம் மூலப் பாகம்’ என்ற பேச்சுக்கு நீங்கள் பணம் தரவும் வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததற்கு மட்டும் விலை பேசுங்கள்.

விலையை இப்படிக் கணக்குப் போடுங்கள். அதே வருடத்து, அதே நிலையில் உள்ள கிட்டார்கள் கடைசியாக என்ன விலைக்கு விற்றன என்று தேடுங்கள். விற்பனைக்குப் போட்ட விலை வேண்டாம், கை மாறிய விலை வேண்டும். அதிலிருந்து ஃப்ரெட் வேலை, பிக்கப் வேலை, செட்டப் கூலி மூன்றையும் கழியுங்கள். கிடைக்கும் தொகைக்கு மேல் போகாதீர்கள்.

நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் புதுக் கிட்டாரில் ஃப்ரெட் மட்டமாக இருக்கும், உத்தரவாதம் இருக்கும், இன்று இரவே மேடை ஏற்றலாம். பழைய மரம் என்பதாலேயே நாதம் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். ஆம்பில் போட்டு, உங்கள் காதுக்கு என்ன கேட்கிறதோ அதற்குக் கொடுங்கள். முடிந்தால் உங்கள் இப்போதைய கிட்டாரையும் எடுத்துப் போய், ஒரே ஆம்பில், ஒரே அமைப்பில் மாற்றி மாற்றி வாசியுங்கள். அப்போதும் பழையதை இறக்கி வைக்க மனம் வராவிட்டால், நண்பர்களை அடுத்த ஒத்திகைக்குக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டிய பழைய கிப்சன் லெஸ் பால் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. ‘ஒட்டிய இடம் முன்னைவிட பலம்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: சரியாக ஒட்டியிருந்தால் நம்பலாம். கிப்சனின் மஹாகனி நெக்கில் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கிறது. மரத்தின் இழை அந்த இடத்தில் குறுக்கே ஓடுகிறது. போதாக்குறைக்கு ட்ரஸ் ராடுக்கான பள்ளத்தையும் அங்கேதான் வெட்டியிருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து சாய்ந்தாலே உடையும் கிட்டார் அது. அறுபதுகளின் நடுவில் சாய்வை 17 டிகிரியிலிருந்து 14க்குக் குறைத்தார்கள். அந்த இடத்தில் மரத்தைப் புடைப்பாக விட்டதும் பிறகு நடந்தது. எல்லாம் இதற்காகத்தான்.

முறிவு நீளமாக, இழையோடு சரிந்து போயிருந்தால் பசைக்குப் பிடிக்க நிறைய பரப்பு கிடைக்கும். அப்படிப்பட்ட ஒட்டு நிற்கும். குறுக்கே குட்டையாக உடைந்ததும், இரண்டு முறை உடைந்ததும் ஆபத்து. ஒட்டு எங்கே முடிகிறது என்று தெரியாமல் மேலே நிறம் அடித்திருந்தால் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள்: பழைய லேக்கர் பச்சையும் மஞ்சளுமாக மின்னும், புதிதாக அடித்த இடம் தனித்துத் தெரியும். கம்பிகளை முழுச் சுருதிக்கு ஏற்றி ஒரு இரவு விட்டுவையுங்கள். காலையில் சுருதி பெரிதாக இறங்காமல், கோட்டில் விரலால் தடவினால் படி தட்டாமல் இருந்தால் நான் வாங்குவேன். பாதி விலை என்பது சலுகை இல்லை, ஒட்டிய ஹெட்ஸ்டாக்குக்கு அதுதான் வழக்கமான விலை. நீங்கள் விற்கும்போதும் அதே பாதிதான் கிடைக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல வழி குறைவு.

கேள்வி: அப்பா வாசித்த அறுபதுகளின் கிட்டார் என்னிடம் இருக்கிறது. வர்ணம் எல்லாம் போய்விட்டது. புதிதாகப் பூச்சு அடித்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஈரத்துணியைக்கூட நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் துடையுங்கள். பழைய பிக்கார்ட் சுருங்கி வெடித்திருந்தால் அதைக் கழற்றி, நெருப்புக்கு எட்டாத, காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். அந்தக் காலத்தில் பல பிக்கார்டுகளை எளிதில் தீப்பிடிக்கும் செல்லுலாய்டில் செய்தார்கள், அது கெட ஆரம்பித்தால் வெளிவிடும் ஆவி அருகிலிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். மற்றபடி அப்பாவின் கை பட்ட இடத்தில் யார் வர்ணம் அடிக்க வேண்டும்?

கேள்வி: 1963ஆம் வருட ஸ்ட்ராட் ஒன்றை வெளிநாட்டிலிருக்கும் ஒருவரிடமிருந்து வாங்கலாம் என்றிருக்கிறேன். ரோஸ்வுட் பற்றி ஏதோ தடை இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, பணம் கட்டுவதற்கு முன்பே விசாரியுங்கள். 1966 வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறும் வரை ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதாவது எல்லை கடந்து விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். கிட்டார் 1992க்கு முந்தையது என்பதற்கு ஆதாரமும் வேண்டும். ‘இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்’ என்று விற்பவர் சொல்லக்கூடும். 2017இல் மற்ற ரோஸ்வுட் வகைகளையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்து, 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தந்தது உண்மை. ஆனால் அந்த விலக்கு பிரேசில் ரோஸ்வுட்டுக்குக் கிடையாது. சுங்கத்தில் பறிமுதல் ஆனால் கிட்டார் திரும்பி வராது. அனுமதிச் சீட்டு எடுத்துத் தரும் பொறுப்பு விற்பவருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேப்பிள் ஃபிங்கர்போர்டு கிட்டாருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. கிட்டார் கற்க ஆரம்பித்திருக்கிறாள். முதல் கிட்டாராகவே நல்ல பழைய கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் விலையும் ஏறும், அவளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

பதில்: விலை ஏறலாம், இறங்கவும் செய்யலாம், அதை மகளின் தோளில் மாட்டிவிடாதீர்கள். கீழே வைத்தால் கீறல் விழுமோ என்று பயந்து பயந்து எடுக்கும் கிட்டாரில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. அவளுக்கு லேசான, ஃப்ரெட் மட்டமான, சுருதி நிற்கிற புதுக் கிட்டார் ஒன்றும் சின்ன ஆம்பும் வாங்கிக் கொடுங்கள். கம்பி உயரத்தை ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்துத் தாழ்த்தி வாங்குங்கள். ஆரம்பத்தில் விரல் வலிக்கிறது என்று நிறுத்திவிடும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கம்பி உயரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சில வருடம் கழித்து அவளே ஒரு பழைய கிட்டாரின் படத்தைக் காட்டி, இதன் நெக் எப்படி இருக்கும் என்று கேட்பாள். அப்போது மறுபடி எழுதுங்கள்.